தெஹியோவிட்டவில் பப்பாவின் விளக்கு

மிலான் நகரத்திலிருந்து கடல் தாண்டி இலங்கைக்கு வந்த மெழுகுவர்த்தி, அவிசாவளைக்குச் சற்று முன்னால் உருகிப் போனது. பஸ்ஸில் நல்ல கூட்டம். பையை மடியில் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்த மிரியத்தைப் பார்த்துக் கண்டக்டருக்கு இரக்கம் பொங்கிவிட்டது. கேட்காமலே பையை வாங்கி, டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் எஞ்சின் மூடியின் மேல் பத்திரமாக வைத்தார். அந்த மூடியில் இட்லி மாவை ஊற்றினால் வெந்துவிடும். இறங்கும்போது பையைத் திறந்து பார்த்தோம். மிரியத்தின் இரவு உடையோடு மெழுகு ஒட்டி, உடை விறைத்து நின்றது.

"அப்பா இப்போது சிரித்துக்கொண்டிருப்பார்" என்றாள் மிரியம். சொன்னவள் சிரிக்கவில்லை.

மிரியம் யூதப் பெண். நான் வேலை பார்க்கும் திருப்பூர் பனியன் கம்பெனியிடம் பல வருடங்களாகச் சரக்கு வாங்குகிறவள். துவைத்தால் சுருங்குகிறது, சாயம் போகிறது என்று மின்னஞ்சலில் என்னோடு சண்டை போட்டே தோழியானவள். எல்லோரும் பப்பா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா எலியா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவர்கள் வழக்கப்படி, இறந்த நாள் வருடா வருடம் திரும்பி வரும்போது ஒரு விளக்கேற்றி, ஒரு சாயங்காலத்திலிருந்து மறு சாயங்காலம் வரை எரிய விட வேண்டும். நாளைக் கணக்கிடுவதும் நம் திதி மாதிரி நிலவைப் பார்த்துத்தான். சுடரும் ஆத்மாவும் ஒரே குணம், இரண்டும் மேலே பார்த்துத்தான் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அதற்கு ஏன் இலங்கைக்கு வர வேண்டும் என்று கேட்டால், அதுவும் பப்பா செய்த வேலை. மிரியத்தின் அம்மா போன பிறகு அவரை மிலானில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் செல்வராணி, தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துக்காரி. மனைவியின் நினைவு நாளில் அவர் ஏற்றும் மெழுகுவர்த்தியை ஒரு தடவைகூட அணைய விடாமல் காவல் இருந்தவள். பப்பாவின் கடைசி மாதங்களில் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. அப்போது அவர் மகளைக் கூப்பிட்டு, "என் விளக்கைச் செல்வராணியிடம் கொடுத்துவிடு. நீ ஏற்றிவைத்துவிட்டுப் போன் பேசப் போய்விடுவாய், அது அணைந்தது உனக்கு மறுநாள்தான் தெரியும்" என்றாராம்.

"விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் உண்மையைச் சொன்னார்" என்றாள் மிரியம் விமான நிலையத்திலேயே. "ஒரே ஒரு நாள். ஒரு சுடரை ஒரு நாள் முழுக்க என்னால் பார்த்துக்கொள்ள முடியும் என்று அவருக்குக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் நான் வந்த காரியம்."

எனக்குக் கொடுத்த காரியம் மொழிபெயர்ப்பு. தமிழ்நாட்டுத் தமிழச்சி கூட வந்தால் பேச்சுக்குக் கவலையில்லை என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, பெருமையாக விமானம் ஏறினேன்.

அந்தப் பெருமை தெஹியோவிட்ட பஸ் நிலையத்தோடு முடிந்தது. செல்வராணி குடையோடு நின்றிருந்தாள். மிரியத்தைப் பார்த்ததும் குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பிறகு இருவரும் இத்தாலிய மொழியில் பேசினார்கள் பாருங்கள், மூச்சு விடாமல், கையை ஆட்டி ஆட்டி, அழுது, சிரித்து, மறுபடி அழுது. எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. பிறகு செல்வராணி ஆட்டோக்காரரிடம் திரும்பிச் சிங்களத்தில் வாடகை பேசினாள். அதுவும் புரியவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, பாவப்பட்டுச் சொன்னாள்: "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க அக்கா. என்னா பேசுறோம்னு நான் ஒங்களுக்குத் தமிழ்ல சொல்றேன்."

ஆக, மொழிபெயர்ப்பாளருக்கே மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார்.

தோட்டத்து ரோட்டில் பாதி ஏறியதும் ஆட்டோ படுத்துக்கொண்டது. நாங்கள் மூவரும் இறங்கித் தள்ளினோம். எங்கள் ஊரில் ஆட்டோ நின்றால் ஓட்டுநர் இறங்கி அதைத் திட்டுவார். இவர் இறங்கவே இல்லை. ஹேண்டிலைப் பிடித்தபடி, "ஹரி, ஹரி, இன்னுங் கொஞ்சம்" என்று எங்களுக்கு உற்சாகம் கொடுத்தார். ஹரி என்றால் சிங்களத்தில் சரி. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் சரிவாகக் கீறிய வெட்டு, அதற்குக் கீழே கம்பி வளையத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. மிரியம் தள்ளுவதை விட்டுவிட்டுச் சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். ஆட்டோ பின்னால் சரிந்து வந்து என் கால் கட்டைவிரல் மேல் ஏறியது.

செல்வராணியின் வீடு ஒரு லயத்தில் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் காம்பரா என்கிறார்கள். அவள் கணவர் முருகையா, ரப்பர் மரங்களில் பால்வெட்டுகிறவர், வாசலில் நின்று கும்பிட்டார். அதற்குள் லயமே திரண்டுவிட்டது. பப்பாவை இங்கே எல்லோருக்கும் தெரியும். செல்வராணி மிலானிலிருந்து வீடியோவில் பேசும்போதெல்லாம் அவரும் வந்து எட்டிப் பார்த்துக் கையாட்டுவாராம். ஆகவே மிரியத்திடம் ஒவ்வொருவராக வந்து, சொந்தக்காரர் வீட்டுத் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். அப்பா கடைசியில் என்ன சாப்பிட்டார் என்பதுதான் அவர்களுக்கு முக்கியமான கேள்வி.

பக்கத்துக் காம்பரா பாக்கியம் மாமி கேட்டது வேறு. மாமி முன்பு பால்வெட்டியவர், இப்போது முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறார். லயத்தின் தீயணைப்புப் படை அவர் ஒருவர்தான். கொஞ்ச வருடங்களுக்கு முன்னால் தோட்டத்தின் மேல் டிவிசனில் ஒரு லயம், யாரும் இல்லாத காம்பராவில் எரிந்த ஒரு குப்பி விளக்கால், வரிசையோடு எரிந்து போனதாம். அதிலிருந்து இங்கே ஒரு சட்டம்.

"வெளக்கு வைங்க, வேணாங்கல. ஆனா ஆளில்லாத காம்பராவுல வெளக்கு எரியக் கூடாது. யாராச்சும் ஒருத்தர் கூடவே இருக்கணும், ஆமா."

"ஒரு நிமிஷம்கூட விட்டு நகர மாட்டேன்" என்றாள் மிரியம். செல்வராணி அதைத் தமிழில் சொன்னாள். மாமி நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மீன் வாங்கக் கடைத்தெருவுக்கு இறங்கினோம். யூதர்கள் நினைவு நாளில் உறவுக்காரர்களுக்குச் சாப்பாடு கொடுப்பதுண்டாம். சாப்பிடுகிறவர்கள் முதலில் கடவுளுக்கு நன்றி சொல்வார்கள், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். அந்த ஒவ்வொரு நன்றிக்கும் போனவருடைய ஆத்மா ஒரு படி மேலே ஏறும். பப்பாவுக்குச் சாளை மீன் என்றால் உயிர். ஆகவே சாளை.

மிலானில் இருந்த காலத்தில் செல்வராணி யூதச் சாப்பாட்டுச் சட்டத்தை நன்றாகவே கற்றிருக்கிறாள். துடுப்பும் செதிலும் உள்ள மீன்தான் ஆகும். கடையில் ஒவ்வொரு மீனாக எடுத்து, நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மீன்காரர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். கடையே சிரித்தது. என் மொழிபெயர்ப்பாளரை நான் பார்த்தேன்.

"மீன் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களான்னு கேக்குறாரு அக்கா."

பெண் பிடித்துவிட்டது, ஒரு பை நிறைய வாங்கினோம். பக்கத்தில் ரம்புட்டான் குவித்து வைத்திருந்தார்கள். மிரியம் அதைப் பார்த்து முதலில் ஏதோ பிராணி என்று பயந்தாள். ஒன்றை உரித்துத் தின்ற பிறகு, திரும்பும் வழியெல்லாம் கொட்டையைத் துப்பிக்கொண்டே வந்தாள். வழியில் ஒரு கடையில் மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டசம்பலோடு ரொட்டி, மாலு பான் என்கிற முக்கோண மீன் பன், கண்ணாடி டம்ளரில் பால் சேர்க்காத ப்ளேன்டீ. டீக்குச் சர்க்கரை கலப்பதில்லை. உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் பனைக் கருப்பட்டியை வைத்துக் கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். கோயம்புத்தூர்க் காபியைத் தவிர வேறு எதற்கும் தலை வணங்காத நான் மூன்று டம்ளர் குடித்தேன்.

மதியத்துக்கு மேல் விளக்கு வேலை. உருகிய மெழுகை என்ன செய்வது என்று மிரியம் கவலையாக இருந்தாள். செல்வராணி இரவு உடையைச் சூடாக்கி, மெழுகைச் சுரண்டி, உள்ளே இருந்த திரியை மட்டும் முழுசாக உருவி எடுத்துவிட்டாள். முருகையா தோட்டத்துக் கம்பியை, அதுதான் மரத்தில் சிரட்டையைத் தாங்குகிற கம்பி, வளைத்து நெளித்துத் திரி நிற்க ஒரு தாங்கி செய்தார். கனமான ஒரு கண்ணாடி டம்ளர், கீழே கொஞ்சம் தண்ணீர், மேலே தேங்காய் எண்ணெய். இத்தாலியில் பழைய ஆட்களும் எண்ணெய் விளக்குத்தான் வைத்தார்கள், இது மெழுகைவிட நல்லது என்றாள் மிரியம். திரி மிலான், எண்ணெய் தெஹியோவிட்ட.

சூரியன் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் இறங்கியதும் மிரியமும் செல்வராணியும் ஒரே தீக்குச்சியை இருவருமாகப் பிடித்து ஏற்றினார்கள். மிரியம் சொல்ல ஒரு மந்திரமும் கிடையாது. செத்தவருக்காகப் பிள்ளைகள் சொல்லும் காதிஷ் என்ற துதி உண்டு, ஆனால் அதற்குப் பத்து யூதர்கள் கூட வேண்டும். தெஹியோவிட்ட முழுக்கத் தேடினாலும் அவள் ஒருத்திதான். அதை மிலானில் அவள் தம்பி பதினொரு மாதம் சொல்லி முடித்துவிட்டானாம்.

"அது என்ன பதினொரு மாசம்? பன்னெண்டுதானே வருசம்?" என்று முருகையா கேட்டார்.

ரொம்பக் கெட்டவர்களின் ஆத்மாவுக்குத்தான் சுத்தமாவதற்குப் பன்னிரண்டு மாதம் முழுசாகத் தேவைப்படுமாம். பன்னிரண்டு மாதமும் சொன்னால் அப்பாவை அந்த வரிசையில் சேர்த்த மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு மாதம் முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். இதைக் கேட்டு முருகையா தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்ல மரியாத! எங்கப்பனுக்கு நான் ரெண்டு வருசம் சொல்ல வேண்டி வந்துருக்கும்."

அவருக்கு ஒரு யோசனையும் இருந்தது. கோயிலில் ஒருவர் உடுக்கை அடித்தால் போனவர்கள் அவர் மேல் வந்து பேசுவார்கள், பப்பாவையும் கூப்பிட்டுப் பார்க்கலாமா? இத்தாலிய மொழி அவருக்கு வருமா என்பதுதான் சந்தேகம். மிரியம் வேண்டாம் என்று அவசரமாகத் தலையாட்டினாள். அவர்கள் வேதத்தில் அது கூடாது. இறந்தவர்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. கல்லறைக்குப் போய் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு, வீட்டு விஷயமெல்லாம் அவர்களிடம் சொல்லலாம். இங்கிருந்து ஒரு நல்லது செய்தால் அது அவர்களுக்குப் போய்ச் சேரும். பதில் மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

"அப்போ என் மகனுக்கு நான் போன் எடுக்குற மாதிரித்தான்" என்றார் பாக்கியம் மாமி.

இரவில் முறை வைத்துக் காவல் இருந்தோம். என் முறையில் நான் தூங்கிவிட்டேன். பப்பா கண்டுகொள்ளவில்லை, விளக்கு எரிந்தபடியே இருந்தது. மிரியம்தான் தூங்கவே இல்லை. போனைச் செல்வராணியிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டாள்.

காலையில் முருகையா இருட்டோடு போய், தோட்டம் தனக்கும் செல்வராணிக்கும் பங்கிட்டுக் கொடுத்த மரங்களைக் கீறிவிட்டு வந்தார். பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் விழுந்து நிறைய நேரமாகும். அதுவரை அவர் விளக்குக்குக் காவல். நாங்கள் மூன்று பேரும் கீழே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று செல்வராணி சொன்னாள். மிரியம் தயங்கினாள். முருகையா ஒரு ஸ்டூலை இழுத்து விளக்குக்கு எதிரில் போட்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி கைகட்டி உட்கார்ந்து காட்டினார். அதைப் பார்த்துத்தான் அவள் கிளம்பினாள்.

நாங்கள் செல்வராணியின் பங்கு மரங்களுக்குள் நுழைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல் தோட்டம் கறுத்தது. மலைக்கு மேலே ஒரு பெண்ணின் குரல், அதற்குப் பதில் இன்னொரு குரல், பிறகு எல்லாப் பக்கமும் கூச்சல். "மழ வருது! பால எடுங்க! பால எடுங்க!"

சிரட்டையில் மழைத் தண்ணீர் விழுந்தால் பால் கெட்டது, அன்றைய வேலை போனது. செல்வராணி ஒரு வாளியை என் கையில் திணித்தாள், ஒன்றை மிரியத்தின் கையில். "ஓடுங்க!" என்றாள், இத்தாலிய மொழியிலும் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும். ஓடினோம். சிரட்டையை எடு, வாளியில் ஊற்று, விரலால் வழி, திருப்பி வை, அடுத்த மரம். சரிவில் இலை வழுக்குகிறது. நான் இரண்டு முறை உட்கார்ந்தபடியே கீழே வந்தேன். மிலானில் பட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்தே விலை சொல்லும் மிரியம், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, முழங்கை வரை வெள்ளைப் பாலோடு, மரத்துக்கு மரம் தாவினாள். "இது எத்தனாவது? நான் ஜெயிக்கிறேனா?" என்று கத்தினாள். யாரும் போட்டி வைக்கவில்லை. மழை கொட்டத் தொடங்கியபோது எங்கள் வாளிகள் மூன்றும் நிறைந்திருந்தன. பால் நிறுக்கும் கொட்டகைக்குள் எல்லோரும் தெப்பமாக நனைந்து ஓடிச் சேர்ந்தோம். சின்ன வயதுக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை. மிரியத்தின் தலைமுடியில் பால் உறைந்து இழை இழையாக நீண்டது. அதை இழுத்து விட்டால் பட்டென்று திரும்பி அடித்தது. பெண்கள் வரிசையாக வந்து இழுத்துப் பார்த்தார்கள்.

அப்போது மேல் பக்கத்திலிருந்து இரண்டு வாளியோடு ஓடி வந்து சேர்ந்தார் முருகையா.

செல்வராணியின் சிரிப்பு நின்றது. "நீங்க இங்க நிக்கிறீங்கன்னா, அங்க யாரு?"

"நீ வீட்டுக்குப் போயிருப்பேன்னுல்ல நெனச்சேன். கதவப் பூட்டிட்டு... பால் போயிரும்னு..." அவர் வாளியைக் கீழே வைத்தார். பால்வெட்டுகிறவனுக்கு மழைச் சத்தம் கேட்டால் கால் தானாக ஓடும். ஸ்டூல், விளக்கு, மிலான் எல்லாம் அந்த நேரத்தில் மறந்து போகும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மிரியத்துக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவள் ஏற்கனவே மழைக்குள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காம்பராவின் கதவு திறந்து கிடந்தது. மிரியம் நனைந்த உடையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் டம்ளர். எண்ணெய் பாதிக்கு மேல் இருந்தது, திரியும் இருந்தது. சுடர் இல்லை.

"அப்பா சொன்னது சரி" என்றாள் என்னிடம் ஆங்கிலத்தில். "அங்கே நான் யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே இது போய்விட்டது. ஒரு நாள். ஒரு நாள் என்னால் முடியவில்லை." பிறகு முகத்தை மூடிக்கொண்டு, பால் ஒட்டிய கைகளோடு, சத்தம் போட்டு அழுதாள். செல்வராணியும் அழுதாள். முருகையா வாசலிலேயே மழையில் நின்றார், உள்ளே வர அவருக்குத் தைரியம் இல்லை. ஏற்றிவிட்டால் போயிற்று என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். ஏற்றிவிடலாம்தான். ஆனால் அவள் வந்த காரியம் அதுவல்ல.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் குரல் கேட்டது. பாக்கியம் மாமி, கையில் அகப்பையோடு.

"என்னா இது, இழவு வீடு மாதிரி? யாரு செத்தா?"

செல்வராணி விளக்கைக் காட்டினாள்.

"அதுவா? அத நாந்தான் அமத்துனேன். ஆளில்லாத காம்பராவுல வெளக்கு எரியக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா? காத்துல ஜன்னல் சீல வெளக்குக்கிட்ட போயிப் போயி வருது. ஒங்க சாவி ஏங்கிட்டத்தான கெடக்கு, தொறந்து வந்து அமத்துனேன்."

செல்வராணி தலையில் கைவைத்தாள். "மாமி, அது மிரியம் நோனாவோட அப்பா வெளக்கு மாமி! அத அணைக்கவே கூடாது!"

"அது தெரியாதா எனக்கு? செத்தவுங்க வெளக்க சும்மா ஊதி அணைக்க நான் என்னா பைத்தியமா?" மாமிக்குக் கோபமே வந்துவிட்டது. "தூக்கிட்டுப் போகலாம்னா டம்ளர் கொதிக்குது, வாசல்ல சாரல் வேற. அதான் ஒட்டுப்பால்ல புடிச்சு, கொடைக்குள்ள வச்சு, எங்க அடுப்புல கொண்டுபோய்ச் சேத்துட்டு, அப்பறமாத்தான் வந்து இத அமத்துனேன். அழுகாம வரச் சொல்லு. அவுங்கப்பா அங்க இருக்காரு."

ஒட்டுப்பால் என்பது வெட்டிய மரத்தின் பட்டையில் வழிந்து காய்ந்து போகும் ரப்பர். பிடித்துக்கொண்டால் காற்றிலும் சாரலிலும் அணையாது, கரும்புகையோடு எரியும். இங்கே ஈர விறகைப் பற்றவைக்க எல்லா வீட்டிலும் ஒரு துண்டு இருக்கும்.

செல்வராணி இதை இத்தாலிய மொழியில் சொல்லத் தொடங்கி, பாதியில் தானே சிரித்துவிட்டாள். மிரியம் எழுந்து ஓடினாள். நாங்களும் ஓடினோம். மாமியின் காம்பராவில், புகை அப்பிய அடுப்படியில், ரப்பர் விறகு செந்தணலாக எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பெரிய பானை, மூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் நனஞ்சுட்டு பசியோட வருவீங்கன்னு ஒல வச்சேன்" என்றார் மாமி. "கெட்டிக்காரருதான் ஒங்கப்பா. ஈர வெறகுலயும் சட்டுனு புடிச்சுக்கிட்டாரு. சோறு வெந்துருச்சு, பருப்பும் எறக்கியாச்சு. இப்ப மீன் மட்டுந்தான் பாக்கி."

மிரியம் அடுப்பைப் பார்த்தாள். பானையைப் பார்த்தாள். "சோறு?" என்றாள். "அப்பா சோறு சமைத்திருக்கிறாரா?"

பிறகு அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்தவே முடியவில்லை. சிரிப்புக்கு நடுவில் செல்வராணியிடம் ஏதோ சொன்னாள், செல்வராணியும் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குத் தமிழில் கிடைத்தது. பப்பா வாழ்நாளில் அடுப்புப் பற்றவைத்ததே கிடையாது. மனைவி போன பிறகு ஒரே ஒரு தடவை முட்டை அவிக்கிறேன் என்று போய், தண்ணீர் ஊற்ற மறந்து, பாத்திரத்தை ஓட்டையாக்கினார். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் பயந்து போய்ச் செல்வராணியைத் தேடிப் பிடித்தார்கள்.

"செத்து ஒரு வருஷத்துல கத்துக்கிட்டாரு அக்கா!" என்றாள் செல்வராணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஒளித்து வைத்த போனை வாங்கி மிரியம் தம்பிக்குப் பேசினாள். இது செல்லுமா என்று கேட்டாள். அவன்தான் வீட்டில் சட்டம் தெரிந்தவன். அணைந்தால் மறுபடி ஏற்றலாம், குற்றமில்லை என்றானாம். சுடர் போகவே இல்லை, இடம்தான் மாறியது என்று இவள் விளக்கினாள். பிறகு அவன் கேட்டது: "அப்பா சமைத்ததா? சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாதே?"

முதல் நாளே உப்புத் தடவி வைத்திருந்த சாளையைப் பொரித்தோம். வாசலில் பாய் விரித்து லயமே உட்கார்ந்தது. முருகையா கடைசி ஆளாக, தலை குனிந்து வந்து உட்கார்ந்தார். மிரியம் அவருக்குத்தான் முதல் மீனை வைத்தாள். பிறகு ஒரு ரொட்டியைக் கையில் எடுத்து எபிரேய மொழியில் நன்றி சொன்னாள். செல்வராணி கண்காட்ட, எல்லோரும் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள்.

"இது வேதக்காரங்க கோயில்ல சொல்றதுல்லியா?" என்று முருகையா மெதுவாகக் கேட்டார். வேதக்காரர்கள் என்றால் இங்கே கிறிஸ்தவர்கள்.

"முதலில் எங்களுடையது. அவர்கள் வாங்கிப் போய்விட்டுத் திருப்பித் தரவில்லை" என்றாள் மிரியம்.

ஒவ்வொரு ஆமெனுக்கும் பப்பா ஒரு படி ஏறுவார் என்று தெரிந்ததும் லயம் விடவில்லை. சோற்றுக்கு ஒரு ஆமென், பருப்புக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, மறுசோற்றுக்கு இன்னொன்று. கடைசியில் செல்வராணிதான் கையெடுத்துத் தடுத்தாள். "போதும், போதும்! அவருக்கு மூச்சு வாங்கும். மாடியேறுனாலே நடுவுல உக்காருற மனுசன்."

சாயங்காலம் வரை மிரியம் மாமியின் அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து விறகு தள்ளினாள். புகையில் கண் சிவந்து, மூக்கெல்லாம் கரி. இருட்டு விழுந்தது. நேரம் முடிந்தது என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை, நானும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் கிளம்பினோம். சொல்லிக்கொள்ள மாமியின் காம்பராவுக்குப் போனோம். மாமி அடுப்புச் சாம்பலை விலக்கிக்கொண்டிருந்தார். இரவில் தணலைச் சாம்பலால் மூடி வைத்து, விடிந்ததும் ஊதி எழுப்புவது அவர் வழக்கம். தீப்பெட்டி செலவு மிச்சம் என்றார். உள்ளே சிவப்பாக ஒரு கண் திறந்தது. மாமி சுள்ளி வைத்து ஊதினார், பிடித்துக்கொண்டது. டீ போடக் கேத்தலை ஏற்றினார். பக்கத்துக் காம்பராப் பெண் ஒருத்தி ஒரு கொள்ளியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் வீட்டு அடுப்பும் புகையத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து மிலானிலிருந்து தம்பியின் அழைப்பு. மிரியம் போனை எடுத்தாள், கேட்டாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஏதோ பதில் சொன்னாள். செல்வராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன கேட்டான்?" என்றேன்.

"வெளக்கு எத்தன மணிக்கு முடிஞ்சிச்சுன்னு கேக்குறாரு அக்கா."

"இவள் என்ன சொன்னாள்?"

"இன்னும் முடியல, அப்பா தேத்தண்ணி போட்டுக்கிட்டு இருக்காருன்னு சொல்றாங்க."